முதல் வகுப்பறை, முதல் பிழைகள்: கற்பித்தல் பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கச்சிமாருக்கு

மட்டக்களப்பு தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் இருந்து கற்பித்தல் பயிற்சிக்குப் போன முதல் நாள் நான் சுமந்துபோன பையின் பாரம் இன்னும் தோளில் இருக்கிறது. பிரிஸ்டல் போட் சுருள்கள், றெஜிபோமில் வெட்டிய இருபது மீன்கள், கலர் வெண்கட்டிப் பெட்டி, கத்தரிக்கோல், கம், பாடக்குறிப்புக் கோப்பு. தண்ணீர்ப் போத்தல் மட்டும் இல்லை. பத்து மணிக்குத் தொண்டை வறண்டு அதிபரின் அறை வாசலில் போய் நின்று, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு ஆசிரியையாக அந்தப் பாடசாலையில் நான் வாய் திறந்து கேட்ட முதல் விஷயம் அதுதான்.

இப்போது என் வகுப்புக்கே பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களின் பையும் அதே பாரம். பிழைகளும் பெரும்பாலும் நான் விட்ட அதே பிழைகள். கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் கட்டுறு பயிற்சிக்குப் பாடசாலைக்கு வரும்போது உளவியலும் கற்பித்தல் முறையும் ஓரளவு தெரிந்திருக்கும். ஆனால் வகுப்பில் முப்பது பிள்ளைகள் ஒரேயடியாக "ரீச்சர், இவன் என்ட அழிறப்பர எடுத்துட்டான்" என்று எழும்பும்போது என்ன செய்வதென்று எந்தக் குறிப்பிலும் இருக்காது. ஆரம்பப் பிரிவில் முதல் சில கிழமைகளில் நடக்கும் பிழைகளில் எனக்கு முக்கியமாகப் படுகிறவற்றை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பின்வாங்கில் இருப்பவருக்குப் படிப்பிப்பது

என்னுடைய பிழைகளில் பாதிக்கு வேர் இதுதான். மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் கோப்பும் பேனையுமாகப் பின்வாங்கில் வந்து இருந்துவிட்டால், நம் கண் தானாகவே அங்கே போகும். முன்வாங்கில் இருக்கும் பிள்ளை கொட்டாவி விடுவது தெரியாது. பின்னால் பேனை அசைந்தால் மட்டும் நெஞ்சு திக்கென்று அடிக்கும்.

அந்த இருபது மீன்களின் கதையைச் சொல்கிறேன். தரம் 3, கணிதம், மூன்றின் பெருக்கல். ஒரு வலையில் மூன்று மீன், நான்கு வலையில் எத்தனை மீன் என்று கேட்பதற்காக இரண்டு இரவு கண்விழித்து வெட்டி, நீலமும் மஞ்சளும் அடித்து, மினுக்கும் தூளும் ஒட்டியிருந்தேன். மீன்களைப் பலகையில் ஒட்டத் தொடங்கியதும் வகுப்பு அப்படியே அடங்கிவிட்டது. பாடம் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். அப்போது ஒருவன் எழும்பி, "ரீச்சர், இது திரளியா ஓராவா?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவள், "இப்பிடி நிறத்தில மீன் ஆத்துல இல்ல" என்று முடிவாகச் சொன்னாள். அதன் பிறகு பத்து நிமிடம் வகுப்பு முழுக்க மீன்தான். யாருடைய மாமா எந்த மீனை எங்கே பிடித்தார் என்பதெல்லாம் வந்தது. மூன்றின் பெருக்கல் வரவே இல்லை. மேற்பார்வையாளர் 'கற்பித்தல் சாதனம் சிறப்பு' என்று எழுதிவிட்டுப் போனார். அந்தக் குறிப்பை நான் பல நாள் பெருமையாக வைத்திருந்தேன்!

மீன் பிழையில்லை. அதைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் பலகையில் ஒட்டி வைத்ததும், அதன் அழகில் நானே மயங்கிப்போனதும்தான் பிழை. அதே பாடத்துக்கு ஒரு பிடி புளியங்கொட்டையும் சிரட்டைகளும் போதும். பிள்ளை தானே மூன்று மூன்றாக எடுத்துப் போடும், தானே எண்ணும். சாதனம் செய்ய எவ்வளவு நேரம் போனது என்று கணக்குப் பார்க்கத் தேவையில்லை; பாடத்தில் அது எத்தனை பிள்ளைகளின் கையில் எத்தனை நிமிடம் இருக்கப்போகிறது என்று முதல் நாள் இரவே பாருங்கள். சாதனமா தூக்கமா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டி வந்தால் பேசாமல் தூங்குங்கள்.

இதற்கு நேர்எதிரான பிழையும் இதே வேரில் இருந்துதான் வருகிறது. வகுப்பு அமைதியாக இருந்தால் மேற்பார்வையாளருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, எல்லாவற்றையும் எழுத்து வேலையாக்கிவிடுவது. நமது ஆரம்பக் கல்விப் பாடத்திட்டத்தில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்று மூன்றுக்கும் நிலைக்கு நிலை பங்கு மாறும். தரம் 1, 2 இல் விளையாட்டும் செயற்பாடுமே அதிகம். தரம் 3, 4 இல் மூன்றும் ஏறத்தாழச் சமம். தரம் 5 இல்தான் எழுத்து வேலை கூடும். நடைமுறையில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் காற்று தரம் 3 வரைக்கும் வீசுவதால், எட்டு வயதுப் பிள்ளையும் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறது. பயிற்சிக்கு வந்த நீங்களும் அதே காற்றில் அள்ளுண்டு போகாதீர்கள். நல்ல செயற்பாட்டு வகுப்பில் கொஞ்சம் இரைச்சல் இருக்கத்தான் செய்யும்.

தொண்டையை நம்புவது

முதல் கிழமை முடியும்போது பாதிப் பேருக்குக் குரல் அடைத்துவிடும். பிள்ளைகள் கத்தினால் நாமும் கத்துவோம், அதைவிடப் பெரிதாக அவர்கள் கத்துவார்கள். நான் பயிற்சிக்குப் போன வகுப்பின் ஆசிரியை குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை. மூன்று தடவை கை தட்டுவார், பிள்ளைகள் இரண்டு தடவை தட்டி முடிக்க வேண்டும். இரண்டு கையும் தட்டுவதில் இருந்தால் பக்கத்துப் பிள்ளையை நுள்ளக் கை மிஞ்சாது. முதல் நாளே இப்படி ஒரு வழக்கத்தைப் பிடித்துவிட்டால் மிச்சம் தானாக நடக்கும். அப்புறம், தண்ணீர்ப் போத்தல்.

பிழையைப் பார்ப்பது, பிள்ளை செய்ததைப் பார்க்காதது

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். கழித்தல் படிப்பித்துவிட்டு ஐந்து கணக்குக் கொடுத்தேன். ஒரு பையனின் கொப்பியில் இப்படி இருந்தது: 68இல் 24 போனால் 44. 57இல் 12 போனால் 45. 32இல் 17 போனால் 25. 41இல் 15 போனால் 34. 50இல் 23 போனால் 33. முதல் இரண்டுக்கும் சரி, மற்ற மூன்றுக்கும் சிவப்பில் பிழை, கீழே ஐந்துக்கு இரண்டு. பக்கத்தில் 'கவனம் போதாது' என்றும் எழுதினேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

மறுநாள் வகுப்பாசிரியை அந்தக் கொப்பியைப் பார்த்துவிட்டு, "புள்ள, இவன் அஞ்சையும் ஒரே மாதிரித்தானே செஞ்சிருக்கான், பாத்தியா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. திரும்பப் பார்த்தபோதுதான் விளங்கியது. ஒவ்வொரு நிரலிலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்ன இலக்கத்தை அவன் கழித்திருக்கிறான். மேலே 2, கீழே 7 என்றால் ஏழில் இருந்து இரண்டை எடுத்து 5 என்று போட்டிருக்கிறான். ஐந்து கணக்கிலும் அதே விதி, ஓரிடத்திலும் தவறவில்லை. முதல் இரண்டு கணக்கிலும் மேலே இருந்த இலக்கங்களே பெரியவை என்பதால் அந்த விதியிலேயே விடை சரியாக வந்துவிட்டது. 'கவனம் போதாது' என்று நான் எழுதிய பிள்ளை வகுப்பிலேயே கவனமான பிள்ளை.

இடைவேளையில் அவனைக் கூப்பிட்டுத் தென்னை ஈர்க்கைக் கொடுத்தேன். பத்துப் பத்தாக றப்பர் போட்டுக் கட்டிய மூன்று கட்டு, உதிரியாக இரண்டு. "இதில பதினேழ எடுங்க மகன்." ஒரு கட்டை எடுத்து வைத்தான். இரண்டு உதிரியையும் எடுத்தான். பிறகு என்னைப் பார்த்தான். "இன்னும் அஞ்சு இல்லையே ரீச்சர்." நான் ஒன்றும் சொல்லவில்லை. (வாயை மூடிக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.) கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டு நின்றவன், "கட்ட அவுக்கலாமா?" என்று கேட்டான். அவிழ்த்தான், ஐந்தை எடுத்தான், மிச்சத்தை எண்ணினான், பதினைந்து. எப்படி மனே உனக்கு அவிழ்க்கத் தோன்றியது என்று கேட்டேன். "மூடய அவுக்காம கொத்தால அளக்க ஏலாதே ரீச்சர்" என்றான். தகப்பன் வேளாண்மை செய்கிறவர்; நெல் மூடையை அவிழ்த்துக் கொத்து என்ற அளவையால் அளப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

பத்தை உடைத்து ஒன்றுகளாக்குவது என்ற அதே விஷயத்தை நான் முப்பது நிமிடம் பலகையில் அம்புக்குறி போட்டு விளக்கியிருந்தேன். 'பக்கத்து வீட்டில் கடன் வாங்குவது' என்று கதையும் சொன்னேன். அவனுக்கு அந்தக் கதை ஒட்டவில்லை. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, இங்கே யாரும் திருப்பிக் கொடுக்கவில்லையே என்று அவன் நினைத்திருந்தால் அது நியாயம்தான்.

ஆகவே கொப்பி திருத்தும்போது பிழைக்குப் புள்ளடி போட முதல் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒரே பிழை மூன்று இடத்தில் வந்தால் அங்கே ஒரு விதி இருக்கிறது, அந்த விதியைப் பிள்ளையிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். "ஏன் பிழை விட்டாய்?" என்று கேட்டால் பிள்ளை நிலத்தைப் பார்க்கும். "இத எப்பிடிச் செஞ்சீங்க, எனக்கும் காட்டுங்க" என்று கேட்டால் ஒவ்வொரு படியாகச் சொல்லும்.

பிள்ளையின் பேச்சைத் திருத்த அவசரப்படுவது

எங்கள் கல்லூரிக்கு வெளி மாவட்டப் பிள்ளைகளும் வருவார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒரு மாணவியிடம் அப்பா எங்கே என்று கேட்டாள். "வட்டைக்குப் போயிட்டார்" என்று பதில் வந்தது. அவளுக்கு விளங்கவில்லை. வயல்வெளியை இங்கே வட்டை என்பார்கள் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். மறுநாள் வேறொரு பையனைத் திரும்பி நிற்கச் சொன்னபோது அவன் "கிறுகவா ரீச்சர்?" என்று கேட்க, அவள் சிரித்துவிட்டாள். கூடவே வகுப்பும் சிரித்தது. அந்தப் பையன் அந்தக் கிழமை முழுக்க வாய் திறக்கவில்லை.

நான் இந்த ஊர்க்காரி, எனக்கு இந்தப் பிழை வராது என்று நினைத்திருந்தேன். எனக்கும் வந்தது, வேறு விதத்தில். கடலோரத்தில், கல்லடிப் பக்கம் வளர்ந்த நான் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லும்போதெல்லாம் கடலையும் தோணியையும் இழுத்தேன். வாவிக்கு மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. அங்கே பிள்ளைகளின் உலகம் வயலும் மாடும் குளமும், இரவில் வந்து தென்னையைச் சாய்த்துவிட்டுப் போகும் யானையும். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும் வரைக்கும் அந்தத் துறையில் 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடக்க வேண்டும். இப்போது பஸ்ஸிலோ மோட்டார் சைக்கிளிலோ கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். ஆனால் பாலம் போட்டதால் அந்தப் பக்கத்துப் பிள்ளையின் அன்றாடம் நமக்குத் தானாகத் தெரிந்துவிடாது. முதல் கிழமை இடைவேளையில் அவர்களோடு மர நிழலில் இருந்து பேச்சைக் கேளுங்கள். அடுத்த கிழமைக்கு வேண்டிய உதாரணமெல்லாம் அதில் கிடைக்கும்.

அம்பாறைக் கரையில் இது இன்னொரு விதமாக வரும். அட்டாளைச்சேனைக் கல்லூரியில் படித்த என் சிநேகிதி ஒருத்தி, முஸ்லிம் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பாடசாலைக்குப் போய் முதல் பாடத்தில் "அப்பா, அம்மா, அண்ணா" என்று படங்கள் ஒட்டினாள். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சின்னப்பிள்ளை மட்டும், "எங்கட வாப்பாக்கும் இதச் சொல்லலாமா ரீச்சர்?" என்று கேட்டதாம். அன்றைக்கே வாப்பா, உம்மா, நானா, ராத்தா என்று இன்னொரு வரிசை எழுதி ஒட்டினாள். ஏட்டுச் சொல்லைக் கட்டாயம் படிப்பிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. வீட்டுச் சொல்லைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு படிப்பித்தால் பிள்ளை பேசிக்கொண்டே படிக்கும், அவ்வளவுதான்.

வீட்டைத் தெரியாமல் வீட்டைப் பற்றிக் கேட்பது

சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில் 'எனது குடும்பம்' வரும். பார்க்க இலகுவான பாடம். படம் வரையச் சொல்லிவிட்டு நான் வாங்குகளுக்கு இடையே நடந்துகொண்டிருந்தேன். ஒரு பிள்ளை அம்மம்மாவை வரைந்து, தன்னை வரைந்து, நடுவில் ஒரு சதுரப் பெட்டி போட்டு அதற்குள் ஒரு சின்ன முகம் கீறியிருந்தாள். டீவியா என்று கேட்டேன். "இல்ல ரீச்சர், அம்மா. போன்ல" என்றாள். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருந்தார். அதற்கு முதல் நாள்தான் நான் அதே பிள்ளையிடம், "கொப்பியில அம்மாட கையெழுத்து எங்க?" என்று இரண்டு தடவை கேட்டிருந்தேன்.

மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன தாய்மார் எங்கள் மாவட்டத்தில் நிறைய. அதனால் முதல் நாளே வகுப்பாசிரியையிடம் கேளுங்கள்: யார் அம்மம்மாவோடு, யார் பெரியம்மாவோடு, யாருக்குத் தகப்பன் இல்லை. ஐந்து நிமிட வேலை. 'வீட்டில் உள்ள பெரியவரின் கையெழுத்து' என்று சொல்லப் பழகிவிட்டால் பிறகு தடுமாற வேண்டியிருக்காது.

தூங்கி விழும் பிள்ளையைச் சோம்பேறி என்று எழுதிவிடுவதும் இந்த வகைதான். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் சடங்கு நடக்கும் நாட்களில் ஊரே இரவில் விழித்திருக்கும், பிள்ளைகளும்தான். தை, மாசியில் வெட்டுக் காலம் என்றால் பெரியவர்கள் வெள்ளென வயலுக்குப் போய்விடுவார்கள், பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடாமலே வந்திருக்கும். பாடசாலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அதே பிள்ளையைக் கவனித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். கடினமான கணிதப் பாடத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்க முடியுமா என்று வகுப்பாசிரியையிடம் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

பிரம்பு

யாராவது நீட்டுவார்கள். சில வேளை பெற்றாரே வந்து, "கண்ண மட்டும் விட்டுட்டு மத்த இடமெல்லாம் அடியுங்க ரீச்சர்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். வாங்காதீர்கள். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை தடை செய்கிறது. 12/2016 சுற்றறிக்கையும் அதை மீண்டும் வலியுறுத்தியது. மேசையில் தட்ட மட்டும்தான், பயம் காட்ட மட்டும்தான் என்று நீங்களே சமாதானம் சொல்லிக்கொள்வீர்கள். நானும் சொல்லிக்கொண்டேன். இரண்டு நாள் ஒரு தடியைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்ததில், கணக்குக் கேட்க என் மேசைக்கு வரும் பிள்ளைகள் பத்தில் இருந்து மூன்றாகக் குறைந்தார்கள். மூன்றாம் நாள் தடியைப் பூமரத்துக்கு முண்டு கொடுக்க வைத்துவிட்டேன்.

வகுப்பு யாருடையது என்பதை மறப்பது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது பெரும்பாலும் வாய் அடக்கம். வகுப்பாசிரியை பழைய முறையில் படிப்பிக்கிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். சில வேளை அது உண்மையாகவும் இருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் அவரைத் திருத்த வேண்டாம். பயிற்சி முடிந்து நீங்கள் போன மறுநாளும் அந்தப் பிள்ளைகள் அவரோடுதான் இருக்கப்போகிறார்கள். அதே நேரம் அவரோடு பழகாமல் மூலையில் ஒதுங்கி நிற்பதும் பிழைதான். என் வகுப்பாசிரியை எனக்குச் சொல்லித் தந்ததில் முக்கால்வாசி நான் கேட்டதற்குப் பதிலாக வந்ததே இல்லை, இடைவேளையில் அவரோடு தேத்தண்ணி குடித்தபோது வந்தது. அவர் "தங்கச்சி, இத ஒருக்காப் பாருங்க" என்று தொடங்கினால் கொப்பியைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

சிறிய பாடசாலைகளில் இரண்டு தரம் ஒரே மண்டபத்தில் இருக்கலாம், இடையில் ஒரு கரும்பலகையே சுவராக. சில இடத்தில் இரண்டு தரத்துக்கும் ஒரே ஆசிரியர். ஒரு தரத்துக்கு மட்டும் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டு போனால் முதல் பத்து நிமிடத்திலேயே வியர்க்கும். போகும் பாடசாலை எப்படிப்பட்டது என்று முந்திய தொகுதி அக்காமாரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

போன்

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை உங்கள் பேஸ்புக்கில் போட வேண்டாம். 'என் செல்லங்கள்' என்று தலைப்புப் போட்டாலும் வேண்டாம். கோப்புக்குப் படம் தேவை என்றால் அதிபரிடம் கேட்டுவிட்டு, பிள்ளைகளின் கைகளையும் செய்த வேலையையும் மட்டும் எடுங்கள்.

போகும் நாள்

கடைசி நாளில் அழுவதும் டொபி கொடுப்பதும் எல்லாரும் செய்வதுதான். ஆனால் எந்த நாளில் போகிறீர்கள் என்று பிள்ளைகளிடம் ஒரு கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். "திரும்ப வருவன்" என்று மட்டும் சொல்ல வேண்டாம், பிள்ளைகள் அதை அப்படியே நம்பி நாள் எண்ணுவார்கள். புளியங்கொட்டை டின்னையும் ஈர்க்குக் கட்டுகளையும் வகுப்பு அலுமாரியில் விட்டுவிட்டு வாருங்கள். திருத்த எடுத்த கொப்பிகள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். நான் எண்ணவில்லை. நான்கு கொப்பிகள் என் வீட்டு அலுமாரியில் இன்னும் கிடக்கின்றன. அதில் ஒன்றில் 'கவனம் போதாது' என்று என் கையெழுத்தில் எழுதி, பிறகு அதை வெட்டியிருக்கிறது.